தொழிற்சாலைச் செய்தி மடலுக்கு விவரம் சேகரிக்கும் முறை

எழுத உட்காரும் நாளில் கையில் விவரம் இல்லாததால்தான் பெரும்பாலான நிறுவனச் செய்தி மடல்கள் சாரமற்றுப் போகின்றன. பொன்னாடை போர்த்தும் புகைப்படம் ஒன்றும், விழா சிறப்பாக நடைபெற்றது என்ற வாக்கியம் ஒன்றும் மட்டும் கிடைத்தால், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அவற்றைக் கொண்டு படிக்கத்தக்க கட்டுரை ஒன்றை எழுதிவிட முடியாது. ஆம்பூரில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையின் காலாண்டு மடலுக்குப் பதினோரு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். இந்த வேலையைப் புதிதாக ஏற்பவர்களுக்குப் பயன்படும் என்று நான் நம்புகிறவற்றை இங்கே சொல்கிறேன்.

ஒரு மடல் அச்சாகி வந்த வாரத்திலேயே அடுத்ததற்கான நோட்டைத் தொடங்கிவிடுங்கள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள், மே நாள், ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஆயுத பூஜை, பொங்கல் ஆகியவை ஆண்டுதோறும் தவறாமல் வருபவை. அவை கொண்டாடப்பட்ட செய்தி மட்டும் யாருக்கும் புதிதாக இராது. ஆகவே மார்ச் மடலுக்கான கேள்வியை ஜனவரியிலேயே பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு வையுங்கள்: சென்ற ஆண்டுக்குப் பிறகு எந்த மெஷினில் என்ன மாற்றம் செய்தீர்கள், அதை முதலில் சொன்னவர் யார்? இரண்டு கைகளாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இறங்கும்படி தோல் வெட்டும் பழைய கிளிக்கிங் மெஷின் ஒன்று மாற்றப்பட்டிருந்தால், அந்த மெஷினில் நிற்பவரைத் தேடிப் போய்ப் பேச உங்களுக்கு இரண்டு மாதம் கிடைக்கும்.

விவரம் இருப்பது தொழிற்கூடத்தில்தான். துறைத் தலைவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், வருவது சுற்றறிக்கை நடையிலேயே வரும். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நேரில் செல்லுங்கள். கன்டெய்னர் ஏற்றும் நாட்களிலும் மாதக் கடைசியிலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாலையில் வேலை முடியும் நேரமும் உதவாது. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டிய பெண்களின் கவனம் அப்போது வாசலில் நிற்கும் கம்பெனி பஸ்ஸின் மேல்தான் இருக்கும். ஒரு நாள் அந்தப் பஸ்ஸிலேயே ஏறி அவர்களோடு போய் வாருங்கள் என்பது என் அனுபவத்தில் கண்ட நல்ல வழி. ஒரு மணி நேரப் பயணத்தில், எந்த லைனில் எந்த வேலை கடினமானது, யார் யாருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார், எந்த மாடலைத் தைப்பதற்குள் எல்லோரும் திணறிப் போனார்கள் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். அங்கே நோட்டை எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு நின்றுவிடும். கேட்டவற்றில் எது கட்டுரைக்கு ஆகும் என்று பார்த்து, சொன்னவரிடமே மறுநாள் அனுமதி கேட்டுவிட்டு விரிவாகப் பேசுங்கள்.

கேள்வியைக் கையில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால், எல்லாம் நல்லா போகுது சார் என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு முறை கட்டிங் பகுதியில், இருபது ஆண்டுகளாகத் தோல் வெட்டும் ஒருவரின் அருகில் பேசாமல் சிறிது நேரம் நின்றிருந்தேன். அவர் தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவி, இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மூலையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கத்தியை வேறு இடத்தில் வைத்தார். அந்த மூலையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். அது வயிற்றுப் பக்கம், அங்கே இழுவை அதிகம், அதில் காலணியின் முன்பக்கத்தை வெட்டினால் லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சில் ஏற்றி இழுக்கும்போது உருவம் கெட்டுவிடும், முதுகுப் பக்கத்துத் தோல்தான் அதற்கு ஆகும் என்றார். முள் கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் விரலால் தொட்டுக் காட்டி, ஆடு மேய்ந்த காட்டைத் தோலே சொல்லிவிடும் என்றும் சொன்னார். அந்த இதழில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரை அதிலிருந்துதான் பிறந்தது.

நம் வட்டாரத்தில் வீட்டில் உருது பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஏராளம். தமிழில் இரண்டு வரியில் முடித்துக்கொள்பவர், தம் மொழியில் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். அந்த மொழி தெரிந்த சக பணியாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நிறுவனத்தின் ஆண்டு விழா மலருக்கு விவரம் திரட்டுவதானால், ஓய்வு பெற்றவர்களின் வீடுகளுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தின் குழிகள், கூலி முறை, பட்டை வண்டிகள் பற்றியெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லாத செய்திகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஆனால் அவர்கள் சொல்லும் ஆண்டுகளை அப்படியே எழுதிவிடக் கூடாது. மகளின் திருமணம், பாலாற்றில் வெள்ளம் வந்த ஆண்டு, ஒரு தேர்தல் என ஏதேனும் ஒன்றோடு பொருத்திப் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஊர்ப்பெயர்களிலும் கவனம் தேவை. பழைய ஆவணங்களில் ஆம்பூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019-இல் அதுவும் மூன்றாகி, இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், வாலாஜாவும் ஆற்காடும் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன. ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே எடுத்தாண்டால், இன்றைய மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

எண்களுக்கு அலகு கேளுங்கள். மாதம் ஐம்பதாயிரம் ஜோடி என்று ஒருவர் சொன்னால், அது ஃபுல் ஷூவா, தைத்து அனுப்பும் அப்பர் எனும் மேல்பகுதி மட்டுமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் எழுதக் கூடாது. தோலின் கணக்கு எண்ணிக்கையிலா, சதுர அடியிலா என்பதும் அவ்வாறே. உற்பத்திப் பிரிவு சொல்லும் எண்ணையும் டெஸ்பாட்ச் பிரிவு சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பது நல்லது.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஓய்வு பெறும் ஒரு தையல் பிரிவுத் தொழிலாளியைப் பற்றி எழுதியபோது, அலுவலகக் கணினியில் இருந்த சேர்ந்த தேதியை வைத்து இருபத்தேழு ஆண்டுப் பணி என்று அச்சிட்டேன். மடல் வெளியான மறுநாள் அவர் பழைய வருங்கால வைப்புநிதிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். அதே முதலாளியின் வேறொரு யூனிட்டில் அவர் அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வேலை செய்திருந்தார். யூனிட் மாறியபோது பி.எஃப். எண்ணும் மாறியதால், கணினியில் அந்த நான்கு ஆண்டுகளே இல்லை. அவர் கோபப்படவில்லை, பேரனுக்குக் காட்டலாம் என்று இருந்தேன் என்று மட்டும் சொன்னார். அன்று முதல், ஒருவரின் பணிக்காலத்தை அலுவலகப் பதிவேட்டிலும், அவரிடம் இருக்கும் காகிதத்திலும் என இரண்டு இடத்தில் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. பணி மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற வைப்புநிதி எண் 2014-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன் சேர்ந்தவர்கள் விஷயத்தில் இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும்.

சேகரித்த எல்லாமே அச்சுக்கு உரியவை ஆகமாட்டா. காலணி வாங்கும் வெளிநாட்டு பையரின் பெயரையும், சந்தைக்கு வராத சாம்பிள் மாடல்களையும் வெளியிட ஒப்பந்தத்தில் தடை இருக்கலாம். புகைப்படத்தின் பின்னணியில் அந்த மாடல் மேசைமேல் கிடக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். விபத்தைப் பற்றி எழுதும்போது காரணத்தையும் செய்த மாற்றத்தையும் எழுதுங்கள். காயமுற்றவரின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் விட்டுவிடுங்கள்.

கட்டுரை முடிந்ததும், நிர்வாகத்துக்கு அனுப்பும் முன்பு, அதில் இடம்பெற்றவரிடம் எடுத்துச் சென்று வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படிக்கக் கொடுத்தால், சரியா இருக்குங்க என்று பலர் உடனே திருப்பித் தந்துவிடுவார்கள். படித்துக் காட்டினால், அது பக்கத்து லைன், எங்கள் லைன் இல்லை என்று நடுவில் நிறுத்துவார்கள். அவர் நிறுத்திய இடத்தை அங்கேயே பேனாவால் திருத்தி, தேதி போட்டு, அந்தத் தாளை நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்திலிருந்து அந்த வரியை யாரேனும் மாற்றி அனுப்பினால், மறுபடியும் அவரிடம் போய்க் கேட்டுவிட்டே அச்சுக்குக் கொடுங்கள்.