கண்ணை மூடிக்கொண்டு விங் வரையாதீர்கள்: கண் அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் கல்யாண அலங்காரம் என்றாலே ஒரு கோரிக்கை தவறாமல் வரும். "அக்கா, மீனாட்சி கண்ணு மாதிரி நீளமா இழுத்து விடுங்க." கண்ணின் வெளி ஓரத்தைத் தாண்டி இழுத்துவிடும் அந்தக் கோடுதான் விங். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் கேட்கிறவருடைய கண் எந்த வடிவம் என்று பார்ப்பதற்கு முன்பே ஐலைனர் கைக்கு வந்துவிடுகிறது. கண் அலங்காரம் கெட்டுப்போனால் பொருள் மட்டம், கை நடுங்கிவிட்டது என்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, கண்ணை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான்.

பார்க்கும் முறையிலேயே முதல் தவறு நடக்கிறது. கைக்கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் இமை இழுபட்டு, இருப்பதைவிட அகலமாகத் தெரியும். புருவத்தைத் தூக்கிப் பார்த்தாலும் அப்படித்தான். போனின் முன்பக்கக் கேமராவைக் கிட்டத்தில் பிடித்தால் முகத்தின் நடுப்பகுதி பெரிதாகி, கண்களின் இடைவெளியே மாறித் தோன்றும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். கண்ணாடி கண்ணுக்கு நேராக இருக்கட்டும். முகத்தைத் தளர்த்தி, சிரிக்காமல் நேராகப் பாருங்கள்.

இப்போது கருவிழியைக் கவனியுங்கள். அதற்கு மேலோ கீழோ வெள்ளை தெரிந்தால் வட்டக் கண். மேல் இமையும் கீழ் இமையும் கருவிழியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாதாம் கண். அப்புறம் மேல் இமை மடிப்பு. கண் திறந்திருக்கும்போது மடிப்பின் மேல்தோல் இறங்கி இமையை மறைத்தால் அதுதான் ஹூடட் என்று சொல்கிற மூடிய இமை. மடிப்பே இல்லாமல் இமை ஒரே பரப்பாக இருந்தால் மோனோலிட். அடுத்து ஒரு பென்சிலை மூக்கோர முனையிலிருந்து படுக்கை வசமாகப் பிடித்துப் பாருங்கள். காதுப் பக்க முனை அதற்கு மேலே நின்றால் ஏறிய கண், கீழே போனால் இறங்கிய கண். கடைசியாக, இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் நெருங்கிய கண்கள், கூடினால் விலகிய கண்கள்.

இதில் ஒரே ஒரு பெயரைத் தேடுவது அடுத்த தவறு. வட்டமாகவும் இறங்கியும் இருக்கும் கண் உண்டு. பாதாம் வடிவமாக இருந்து விலகி நிற்பதும் உண்டு. இடது கண்ணும் வலது கண்ணும் ஒன்றுபோல இருப்பவர்களும் குறைவு. ஒரு பக்க இமை கொஞ்சம் அதிகமாக மூடியிருந்தால் அந்தப் பக்கக் கோட்டைச் சற்றே மாற்றி வரையத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் அளந்து ஒரே மாதிரி வரைந்தால்தான் வித்தியாசம் கண்ணில் குத்தும். திடீரென்று ஒரு பக்க இமை மட்டும் இறங்கினால் அது அலங்காரத்தில் மறைக்கிற விஷயமல்ல. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயதையும் மறந்துவிடுகிறோம். நாற்பது, ஐம்பதைத் தாண்டும்போது இமைத் தோல் தளர்கிறது. கல்யாணத்தின்போது அகலமாகத் தெரிந்த இமை மகள் கல்யாணத்தில் பாதி மறைந்திருக்கும். பெண்ணின் அம்மாவுக்கு அவருடைய பழைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்து வரைந்தால் பொருந்தாது. மணப்பெண்ணுக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, அம்மாவுக்கு அவசரமாக ஒரு தடித்த கோடு போட்டு அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம். ஆல்பத்தில் அவரும் பக்கம் பக்கமாக இருக்கப்போகிறவர்தானே.

மூடிய இமைக்குத்தான் அதிகத் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்ணை மூடச் சொல்லி, ஓரத் தோலை விரலால் இழுத்துப் பிடித்து விங் வரைகிறார்கள். மூடியிருக்கும்வரை கோடு அழகாக இருக்கும். திறந்தவுடன் மடிப்பு அதை விழுங்கிவிடும், அல்லது நடுவில் உடைத்துக் காட்டும். செய்ய வேண்டியது இதுதான்: கண்ணைத் திறந்து நேரே பார்த்தபடி, விங் முடிய வேண்டிய இடத்தில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். அங்கிருந்து இமைமுடி வரை கோட்டை இறக்கி, பிறகு கண்ணை மூடி இடைவெளியை நிரப்புங்கள். இமைமுடியை ஒட்டிய கோடு மெல்லியதாக இருக்கட்டும், கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் தடிக்கலாம். தடித்துப் போட்டால் தெரிகிற கொஞ்ச இமையும் காணாமல் போய்விடும். மினுங்காத பழுப்பு ஐஷேடோவை மடிப்புக்குச் சற்று மேலே, கண் திறந்தாலும் தெரிகிற உயரத்தில் தேயுங்கள். தொங்கும் தோலின் மேல் ஜிகினா போட்டால் அது வீங்கியதுபோல் தோன்றும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் இன்னொரு தொல்லை உண்டு. வியர்வையில் மடிப்பு இமையோடு உரசி, ஐலைனர் மேலே இரண்டாவது கோடாகப் பதிந்துவிடும். இமைக்கு முதலில் மெல்லிய பவுடர், பிறகு வாட்டர்புரூஃப் லைனர், அது நன்றாகக் காயும்வரை கண்ணை அகலத் திறக்காமல் இருப்பது. இந்த வரிசை மாறக் கூடாது.

கண் மை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. சின்னக் கண்ணுக்கு உள்விளிம்பு முழுக்கக் கறுப்பு அப்பினால் கண் இன்னும் சுருங்கும். அவர்கள் கீழ் இமையின் வெளிப்பாதியில், இமைமுடிக்கு அடியில் மட்டும் மெல்ல இழுக்கலாம். உள்விளிம்புக்குத் தோல் நிறப் பென்சில் போதும். பளீர் வெள்ளை மாநிறத்தில் தனியாகத் துருத்தும். அதே உள்விளிம்பு மை, வட்டக் கண்ணையும் முன்னே தள்ளிய கண்ணையும் நிதானமாகக் காட்டும். முட்டைக்கண் என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள் மை போடத் தயங்குகிறார்கள். அவர்களுக்குத்தான் அது மிக அழகாக உட்காரும். இறங்கிய கண்ணுக்குக் கீழ்க்கோட்டை முனைவரை கொண்டுபோகாமல் முன்பே நிறுத்தி, மேல்கோட்டை முனைக்குச் சற்று முன்னாலேயே உயர்த்துங்கள். நெருங்கிய கண்களுக்கு மூக்கோரத்தைக் கறுப்பில்லாமல் விட்டுவிடுங்கள், விலகிய கண்களுக்கு அங்கிருந்தே தொடங்குங்கள்.

மீனாட்சி கண்ணுக்கு வருவோம். பலர் மனதில் அந்தப் பெயரில் இருப்பது பரதநாட்டிய மேடையின் கண். அது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் விழியசைவு தெரிவதற்காக, மேடை விளக்குக்கு ஈடுகொடுத்து வரையப்படுவது. மண்டபத்தில் திருநீறு பூசுகிற பெரியவரும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற தோழியும் ஒரு கை தூரத்தில் பார்க்கிறார்கள். பாதாம் கண்ணும் ஏறிய கண்ணும் நீளக் கோட்டை எளிதாகத் தாங்கும். மற்றவர்கள் நீளத்தைப் பாதியாக்கி, நுனியை விரலால் மெல்லக் கலைத்துவிட்டால் அதே சாயல் கிடைத்துவிடும்.

சேலை நிறத்தையே இமையில் பூசுவதும் வேண்டாம். பச்சைச் சுங்குடிக்குப் பச்சை இமை என்றால் கண் தனியே பேசும். செம்பு, மெரூன், அடர்பழுப்பு எல்லாம் நம் தோலில் நன்றாக எழும். இமை கறுத்திருந்தால் வெளிர் ஃபவுண்டேஷனால் மூடாதீர்கள், சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆரஞ்சு கலந்த பீச் நிறக் கரெக்டரை மிக மெல்லியதாகத் தட்டிவிட்டு, அதன் மேல் உங்கள் தோல் நிறத்தைப் பூசுங்கள். விடியல் முகூர்த்தத்துக்கு டியூப்லைட்டில் அலங்காரம் செய்கிறோம். முடிந்தால் அதற்கு முன்பே ஒரு பகலில் ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

சுத்தத்தில் மட்டும் சமரசம் கூடாது. பெயர் தெரியாத சுர்மாவில் (கண்ணுக்கு இடும் மைப்பொடி) காரீயம் இருக்கலாம், குழந்தைகளின் கண்ணுக்கு அது இன்னும் ஆபத்து. உள்விளிம்பில்தான் கண்ணீரைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. அங்கே தினமும் தடிமனாக மை பூசினால் அவை அடைபடக்கூடும். மெட்ராஸ் ஐ வந்த வீட்டில் ஒரே பென்சிலை அக்காவும் தங்கையும் பகிர்ந்துகொள்வது நோயைக் கைமாற்றுவதுதான். திறந்த மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கிப் போடுங்கள். எரிச்சலோ சிவப்போ நீடித்தால் மை, லைனர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கண் டாக்டரைப் பாருங்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. லென்ஸ் போடுகிறவர்கள் அலங்காரத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு, இரவில் மையைக் கலைப்பதற்கு முன்பு கழற்றிவிட வேண்டும். கலைக்கும்போதும் தேய்க்காதீர்கள். ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய இமையில் சற்று நேரம் ஒற்றி வைத்தாலே வாட்டர்புரூஃப் லைனரும் இளகி வந்துவிடும்.