வயது என்ன, பாட்டி? முதியோர் ஆய்வுத் தரவைத் தொடத் தொடங்குவோருக்கு

முதியோர் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதுதான். ராயபுரத்தில் நான் ஞாயிறுதோறும் நடத்தும் சிறு வகுப்பில் முதல் மூன்று வாரம் யாரையும் எக்செல்லைத் தாண்ட விடுவதில்லை. அதிலும் பெரும்பாலான நேரம் ‘வயது’ என்ற ஒற்றை நெடுவரிசையில்தான் கழியும். சலித்துக்கொள்வார்கள், சலிக்கட்டும். முதியோர் ஆய்வில் வயதே பிசகினால் மற்ற எல்லாம் பிசகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். இந்த எண்கள் எல்லாம் யாரோ ஒருவர் வாசலில் நின்று வயதைக் கேட்டு எழுதியதில் பிறந்தவை.

முதல் படி: தாளை ஒழுங்கு செய்யுங்கள்

ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. களத்திலிருந்து வந்த கோப்பைப் படியெடுத்துவிட்டு மூலத்தைத் தொடாதீர்கள். பதில் கிடைக்காத இடத்தில் 0 போடாதீர்கள். 999 போட்டால் சராசரி எடுக்கும் முன் நீக்குங்கள். ஒருமுறை என் மாணவர் ஒருவர் தண்டையார்பேட்டை முதியோரின் சராசரி வயது 104 என்று அறிக்கையே எழுதிவிட்டார். பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் தனிக் கோப்பில் பூட்டப்பட வேண்டும். பெயரை எடுத்தாலும், தெருவோடு ‘91 வயது, தனியாக வாழ்பவர்’ என்று இருந்தால் அந்தத் தெருவுக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வயதைக் கேட்கும் விதம்

காசிமேட்டில் கருவாடு தரம்பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் 2025இல் எங்கள் மாணவி வயது கேட்டார். “அறுபது என்று போட்டுக்கொள், கண்ணு” என்றார் அவர், கையை நிறுத்தாமல். அடையாள அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாத பலருடைய அட்டையில் அந்தத் தேதிதான் இருக்கும். மாணவி விடவில்லை. “அறிஞர் அண்ணா இறந்தபோது நீங்கள் எவ்வளவு பெரிய பெண், பாட்டி?” கை நின்றது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வேடிக்கை பார்க்க ஓடியதும், அதற்கு அம்மாவிடம் அடி வாங்கியதும் வந்தன. அதற்கு அடுத்த ஆண்டு ஆடியில் வயதுக்கு வந்தாராம்.

அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. அடுத்த ஆடி 1970. அப்போது பதின்மூன்று என்று கொண்டால் பிறப்பு 1957 வாக்கில், ஆக வயது 68. அறுபதுக்கும் அதற்கும் எட்டு ஆண்டு இடைவெளி!

இதற்காக ஒரு நிகழ்ச்சி நாட்காட்டியைத் தயாரித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர்), இந்தி எதிர்ப்புப் போராட்டம் (1965), நெருக்கடி நிலை (1975–77), எம்.ஜி.ஆர். மறைவு (1987 டிசம்பர்), சுனாமி (2004 டிசம்பர்). பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பின்னி மில் மூடிய 1996ஐயும் சேருங்கள். ஒரே நிகழ்ச்சியை நம்பாமல் இரண்டாவது கேட்டு ஒத்துப்பாருங்கள். தாளில் ‘சொன்ன வயது’, ‘கணித்த வயது’, ‘எப்படிக் கணித்தோம்’ என மூன்று நெடுவரிசைகள் இருக்கட்டும். சொன்னதை அழித்துவிட்டுக் கணித்ததை எழுதுவது கூடாது.

மூன்றாம் படி: கடைசி இலக்கத்தை எண்ணுங்கள்

வயதைப் பத்தால் வகுத்தால் வரும் மீதியைத் தனி நெடுவரிசையாக்குங்கள். எக்செல்லில் ‘மாட்’ (MOD) என்ற சார்பு இதைச் செய்யும். பிறகு எண்ணித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் எத்தனை என்று பாருங்கள். 200 பேரில் ஏறத்தாழ இருபது இருபதாக வர வேண்டும். 0இல் 58, 5இல் 41 என்று வந்தால் மக்கள் 60, 65, 70 என்று முழுசாக்கிச் சொல்லியிருக்கிறார்கள். அல்லது கேட்டவர் முழுசாக்கி எழுதியிருக்கிறார். யார் எடுத்த பேட்டி என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதும் அகப்படும்.

இதற்கு விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வரையுள்ளோரில் 0, 5இல் முடியும் வயதினரை ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குவது. 100 என்றால் முழுசாக்கும் சாய்வில்லை, 500 என்றால் அத்தனை பேரும் முழுசாக்கியவர்கள். ஆனால் இது நடுவயதுக்கானது, முதியோர் தாளுக்குப் பொருந்தாது. முதுமையில் வயது ஏற ஏற ஆட்கள் குறைவதால் 60 சொல்பவர் 69 சொல்பவரைவிட இயல்பாகவே கூடுதலாக இருப்பர். அந்தச் சரிவைக் கணக்கில் கொள்ளும் மையர்ஸ் குறியீட்டைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

நான்காம் படி: எடை

80 தாண்டியவர்கள் குறைவு என்பதால் அவர்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்ப்போம். பகுதியில் 60–79 வயதினர் 900, 80 தாண்டியோர் 100 என்று வையுங்கள். நீங்கள் இரு தரப்பிலும் நூறு நூறு பேரைக் கண்டீர்கள். முழங்கால் வலி முதல் தரப்பில் 40 சதவீதம், இரண்டாவதில் 70. நேராகச் சராசரி எடுத்தால் 55. பகுதியின் உண்மை 43: 900க்கு 360, 100க்கு 70, ஆக ஆயிரத்துக்கு 430. இப்படி ஒவ்வொரு தரப்புக்கும் அதன் உண்மைப் பங்குக்கேற்ப மதிப்புக் கொடுப்பதுதான் எடை. இதைப் பேனாவால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் மென்பொருளிடம் போகாதீர்கள்.

இன்னொரு பொறி. 80 வயதினரில் பள்ளிக்குப் போனவர்கள் குறைவு, 60 வயதினரில் அதிகம். வயதாக ஆகப் படிப்பு கரைந்துவிடுவதில்லை, அவர்கள் பிறந்த காலம் வேறு. படிப்பில் இது பளிச்சென்று தெரியும். மூச்சுத்திணறலில் தெரியாது. பழைய மில் தொழிலாளியின் நுரையீரலில் இருப்பது முதுமையா, பஞ்சுத் தூசியா என்பதை ஒரே ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு பிரித்துச் சொல்லாது. அதனால்தான் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் தொடர் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன.

இந்தியாவில் அப்படியொன்று லாசி (LASI) எனப்படும் முதுமைத் தொடர் ஆய்வு. முதல் சுற்று 2017–18இல் நடந்தது, 72,250 பேர். மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்திடம் விண்ணப்பித்துத் தரவைப் பெறலாம். அதில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களோடு அவர்களின் கணவன், மனைவியும் எந்த வயதாயினும் சேர்க்கப்பட்டிருப்பர். திறந்ததும் வயதை வடிகட்டாவிட்டால் முப்பத்தெட்டு வயதுக்காரர்களும் உங்கள் முதியோர் கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களில் உங்கள் தெருவில் முப்பது பேரிடம் நிகழ்ச்சி நாட்காட்டியோடு போய்வாருங்கள். காலையில் போனால் ஆண்கள் டீக்கடையில் இருப்பார்கள், அங்கேயும் ஒரு நடை.