மல்டி டூல் வாங்கப் போகிறவருக்கு

போன வாரம் சைட்டுக்கு வந்த தம்பி ஒருவன் புது மல்டி டூலை, அதாவது பிளேடு ஆடியாடி அறுக்கும் கை மெஷினை, பெருமையாக எடுத்துக் காட்டினான். கால் மணி நேரத்தில் பிளேடு நீலம் பூத்து, மரத்திலிருந்து புகை கிளம்பியது. பல வருடங்களுக்கு முன் நான் ஆடிய அதே கூத்து. இதில் எல்லோரும் செய்கிற தப்புகள்தான் கீழே. கண்ணாடி, மாஸ்க் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் மெஷினையே தொட வேண்டாம்.

எல்லா வேலைக்கும் இது ஒன்றே போதும் என்று நம்புவது

இதில் பிளேடு சுற்றாது. இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று, நான்கு டிகிரிதான் ஆடும். ஆனால் நிமிடத்துக்கு 20,000 தடவை வரை. அதனால் பலகையின் நடுவில் நேராக இறக்கலாம், தரையை ஒட்டி அறுக்கலாம், மூலையில் புகுத்தலாம். மற்ற மெஷின் நுழையாத இடத்தில்தான் இதற்கு மதிப்பு. எட்டடி பிளைவுட்டை இதில் அறுக்க உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு சர்க்குலர் சா, இரும்புக் குழாய்க்கு கிரைண்டர். போன ஒரு வருடத்தில் 'இங்கே மெஷின் போகாதே' என்று எத்தனை தடவை உளியைத் தேடினீர்கள்? ஒரு தடவைதான் என்றால் வாங்காதீர்கள். தெரிந்த ஆசாரியிடம் இரவல் கேளுங்கள்.

பிளேடு செலவை மறப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். பழைய வீடு ஒன்றில் தரைமேலேயே டைல்ஸ் போட்டார்கள். டைல் உள்ளே போக நிலைக்காலின் அடியை அறுக்க வேண்டும். டைல் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் பிளேடைப் படுக்க வைத்து அறுத்தால் அளவு தானாக வரும். வேலை சுகம்தான். ஆனால் நான் மாட்டியது மெஷினோடு இலவசமாக வந்த மரப் பிளேடு. உள்ளே துருப்பிடித்த ஆணி இருந்தது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் பல்லே இல்லை, வழவழவென்று தகடு. அடுத்ததை மாட்டி இன்னும் அழுத்தினேன். அது நிலையைத் தாண்டிப் பின்னால் இருந்த சிமெண்ட் பூச்சில் உரசி மொட்டையானது. ஒரு கதவுக்கு மூன்று பிளேடு. அன்றைய கூலியில் பாதி அங்கேயே போனது.

ஆணி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த) பிளேடு போடுங்கள். கெட்டியான ஸ்க்ரூ என்றால் அதைவிடக் கடினமான பல் உள்ள கார்பைட் பிளேடு. டைல் இடுக்கைச் சுரண்டத் தனி பிளேடு உண்டு. அழுத்தினால் தூள் வெளியே வராது, சூடு ஏறும், பல் செத்துவிடும். கையை இலேசாக வைத்துப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே போங்கள். மெஷினை மலிவாக வாங்கிவிட்டோம் என்று சிரிக்கிறவர்கள் பிளேடு வாங்கியே அழுவார்கள்.

பிளேடு பொருந்துமா என்று பார்க்காதது

ஸ்டார்லாக் என்பது பிளேடை மெஷினில் மாட்டும் ஒரு பிடிப்பு முறை. அதில் ஸ்டார்லாக் மேக்ஸ் பிளேடு சாதாரண ஸ்டார்லாக் மெஷினில் ஏறாது. பழைய மாடல் தட்டைப் பிளேடு, ஸ்டார்லாக்கில் உட்காராது. உங்கள் ஊர்க் கடையில் எது கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மெஷினை முடிவு செய்யுங்கள்.

வேகம் குறைக்க முடியாத மெஷின்

வேண்டாம்.

மொட்டைப் பிளேடை வீசுவது

மிச்சமிருக்கும் பல்லை கிரைண்டரில் தேய்த்து, முனையைக் கூராக்கி வையுங்கள். பாத்ரூமில் பழைய சிலிகானைச் சுரண்ட அதைவிட நல்ல தகடு கிடையாது. அந்தத் தம்பிக்கு இப்போதே நாலு சேர்ந்துவிட்டது.