தெர்மல் கேமரா கையில் வந்ததும் செய்யும் தவறுகள்

சூட்டைப் படமாகக் காட்டும் இந்தக் கேமராவின் விலை இறங்கியதிலிருந்து, வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்கு மின் இணைப்புகளின் சூட்டை அளக்க வரும் புதுப் பையன்கள் அதிகம். பையைத் திறந்து தெர்மல் கேமராவை எடுப்பதிலேயே ஒரு மிடுக்கு. எங்களுக்கும் அந்த வயதில் அது இருந்தது. ஃபோகஸ் பிசகுவது, பேட்டரி தீர்வது எல்லாம் நாலு ஆலை ஏறி இறங்கினால் தானே சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படித் தானாகச் சரியாகாதவை.

லோடு பார்க்காமல் ‘நார்மல்’ என்று எழுதுவது

கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் நிறைய. கேரளத்தில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு மாலை 6 முதல் 10 வரை யூனிட் விலை கூடுதல், 10 மணிக்கு மேல் அதைவிடக் குறைவு. அதனால் கரண்டை விழுங்கும் ஆலைகள் முழு லோடையும் ராத்திரிக்குத் தள்ளிவைக்கும். நம் ஆள் கோயம்புத்தூரில் டிபன் முடித்துவிட்டு காலை 11 மணிக்கு வந்து இறங்குவார். அப்போது மில்லில் ஓடுவது கூலிங் டவர் பம்பும் ஆபீஸ் ஏசியும்தான்.

மின்னோட்டம் பாதியானால் மின் இணைப்பின் மூட்டில் பிறக்கும் வெப்பம் கால்வாசியாகும். முழு லோடில் சுற்றுப்புறத்தைவிட 60 டிகிரி கூடுதலாகக் கொதிக்கிற கேபிள் லக் (கேபிள் நுனியைப் போல்ட்டில் மாட்டும் உலோகத் துண்டு), 30 சதவீத லோடில் 10 டிகிரிகூட ஏறியிருக்காது. கேமரா பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அங்கே சூடு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மில்லில் இப்படித்தான் நடந்தது. பகலில் எடுத்த படங்கள், அழகான அறிக்கை, கடைசிப் பக்கத்தில் ‘அனைத்தும் நார்மல்’. எத்தனை ஆம்பியர் ஓடியது என்று எழுதக் கட்டமே இல்லை. அடுத்த மாதம் ராத்திரி ஷிப்டில் மெயின் பிரேக்கரில் மூன்று பேஸ்களில் ஒன்றான ஆர் பேஸின் லக் உருகி, பக்கத்து பேஸோடு ஷார்ட் ஆனது. பேனலில் பாதி கரிந்தது. ஃபர்னஸுக்குள் இருந்த உருக்கு இறுகிப்போய், உள்பூச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. “ராத்திரி வரணும் சாரே, பகல் நோக்கியா ஒண்ணும் காணில்லா” என்று அங்குள்ள எலக்ட்ரீஷியன் சேட்டன் முன்பே சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்?

எனக்கு இன்னும் ஆறாதது அந்த ‘நார்மல்’தான். லோடு போதவில்லை, முடிவு சொல்ல இயலாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், மில்காரர் இன்னொரு முறை கூப்பிட்டிருப்பார். முறையான பயிற்சியில் முதலிலேயே சொல்லித்தருவது இது. பொதுவாகப் பின்பற்றும் வரையறைப்படி, மதிப்பிட்ட லோடில் 40 சதவீதமாவது ஓட வேண்டும். லோடு ஏறியதும் ஓடிப்போய்ப் படம் எடுக்காமல், மூட்டுகள் சூடேறி நிலைக்க நேரம் கொடுக்க வேண்டும்.

படத்தோடு டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) ரீடிங்கும் வேண்டும், மூன்று பேஸுக்கும் தனித்தனியாக. ஒரே மாதிரி லோடுள்ள ஒரே மாதிரி இணைப்புகளுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டிய கோளாறு என்கிறது நெட்டா என்ற அமெரிக்க மின்சோதனை அமைப்பின் அட்டவணை. ‘ஒரே மாதிரி லோடு’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டு 15-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஆர் பேஸில் மட்டும் கரண்ட் அதிகமாக ஓடினாலும் அது சூடாகத்தான் இருக்கும். போல்ட்டை முறுக்கிப் பயனில்லை.

பளபளக்கும் உலோகத்தை நம்புவது

கேமராவில் எமிசிவிட்டி, அதாவது ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு வெளிவிடுகிறது என்ற அளவு, பெரும்பாலும் 0.95 என்றே வைத்து வரும். பளபளப்பான செம்புக்கு அது 0.1கூட இருக்காது. 120 டிகிரியில் இருக்கும் புது பஸ்பார் (பேனலுக்குள் கரண்டைக் கடத்தும் உலோகப் பட்டை) திரையில் 50-க்கும் கீழே காட்டும். அது காட்டுவதில் பெரும்பங்கு எதிர்ச்சுவரின் சூடு, சில சமயம் உங்கள் முகத்தின் சூடு. மின்சாரம் நிறுத்தியிருக்கும் நாளில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த டேப்பைப் பார்த்து அளக்கலாம். அல்லது பக்கத்தில் உள்ள கேபிள் உறையைப் பாருங்கள்.

அக்ரிலிக் மூடி வழியாகப் படம் எடுப்பது

உள்ளிருக்கும் சூட்டின் கதிர் அக்ரிலிக்கைத் தாண்டி வராது. மூடியைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

காற்று

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தேடித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டார்கள். சூட்டை ஆற்றிவிடும் அதே காற்றில் நின்று டிரான்ஸ்பார்மர் யார்டு இணைப்புகளை அளந்துவிட்டு, சூடு இல்லை என்கிறார்கள். காற்றின் வேகத்தையும் அறிக்கையில் எழுதுங்கள். ஓய்ந்த நாளில் மறுபடி பாருங்கள், பொழுது சாய்ந்தபின் என்றால் வெயிலின் தொல்லையும் இருக்காது.

நாலு நாள் வகுப்பைச் சான்றிதழ் என்று நினைப்பது

வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கிடைக்கும் தாளும் தகுதிச் சான்றும் வேறு. தேர்வோடு அனுபவக் காலமும் சேர்ந்தால்தான் தகுதிச் சான்று. ஐஎஸ்ஓ 18436-7 தெர்மோகிராஃபி செய்பவர்களை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் இருப்பவர் எழுதிவைத்த முறைப்படி அளந்து பதிவு செய்யலாம். முறையை வகுப்பதும் கோளாறின் காரணத்தைச் சொல்வதும் மேல் படியில் இருப்பவர் வேலை. முதல் படித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ‘இன்னும் ஆறு மாதம் தாங்கும்’ என்று ஜோசியம் சொல்பவர்களை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

பேனலைத் தானே திறப்பது

தெர்மோகிராஃபி சான்றிதழ் அதற்கான அனுமதி இல்லை. ஆலையின் லைசென்ஸ் உள்ள ஆள் திறக்கட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.