கட்டட அனுமதியும் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளும்: சென்னையில் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு கல்யாண மண்டபமோ, கிளினிக்கோ, வணிக வளாகமோ கட்டுகிறவர் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஆகிய இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டவர். மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் தரநிலைகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்றும், அவற்றைப் பின்பற்றாமல் எழுப்பிய கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது என்றும் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் வரைபடத்தில் இருக்கும் சாய்தளமும் கழிப்பறையும் கட்டி முடித்த இடத்தில் பயன்படாத நிலையிலேயே பெரும்பாலும் கிடக்கின்றன. விதியைப் பொருட்களின் பட்டியலாகப் படிப்பதும், தெருவிலிருந்து உள்ளே வரும் ஒருவரின் வழியாகப் பார்க்காததுமே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

இச்சட்டம் அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைப்பது பரவலான தவறு. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம் அரசுடையதாயினும் தனியாருடையதாயினும் சட்டத்தின் பார்வையில் பொதுக் கட்டடமே. பள்ளி, மருத்துவமனை, கடை, பணியிடம், வழிபாட்டுத் தலம் எல்லாம் அதில் அடங்கும். “எங்கள் கட்டடம் பழையது” என்பதும் தப்பிக்கும் வழியாகாது. விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. மத்திய அரசின் விதிகள் 2017 ஜூன் மாதம் வெளிவந்தன என்பதால் அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

அணுகல் பற்றி அரசு வெளியிடும் வழிகாட்டி நெறிமுறைகளை வெறும் பரிந்துரைகளாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி பரிந்துரையாகக் குறைத்துவிட்டது என்று கூறி அந்த 2017 விதிகளில் உள்ள விதி 15(1)-ஐச் செல்லாததாக்கியது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை 3 மாதத்துக்குள் வகுக்கும்படியும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே, இன்று திட்டமிடுகிறவர் மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளைத் தம் கட்டடத்துக்குக் கட்டாயமானவை என்று கொண்டு வரைவதே பாதுகாப்பானது.

இனி, சாய்தளத்துக்கு வருவோம். அதிகம் கெடுவது இதுதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எல்லோரும் கட்டடத்தின் அடித்தளத்தை உயர்த்துகிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடுகிற வழக்கத்தால் தெருவும் ஏறிக்கொண்டே போகிறது என்பதால், அதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால், உயர்த்திய ஒவ்வோர் அடிக்கும் சாய்தளம் 12 அடி நீள வேண்டும். 1:12 என்ற விகிதத்தின் பொருள் இதுதான். அதுவும் இருக்கலாம் என்று ஏற்கப்பட்ட செங்குத்தின் எல்லைதானே தவிர, இலக்கு அன்று. இரண்டடி உயரத்துக்கு 24 அடி நீளமும், அதற்கு மேல் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றரை மீட்டர் சமதளமும் தேவை. இந்தக் கணக்கை அடித்தள உயரம் தீர்மானிக்கும் நாளிலேயே போடாமல், படிக்கட்டு கட்டிய பிறகு மிஞ்சிய எட்டடியில் சாய்தளத்தைத் திணிக்கும்போது, கிடைப்பது இரு சக்கர வாகனத்தை ஏற்றும் சரிவு மட்டுமே. சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் தானாக ஏற முடியாது, இறங்கும்போது கவிழும் ஆபத்தும் உண்டு. மழையில் வழுக்கும் பாலிஷ் கிரானைட்டை மேலே பதிப்பதும், கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் வைப்பதும், ஓரத்தில் சக்கரம் நழுவாமலிருக்கும் சிறு தடுப்பை விட்டுவிடுவதும் இதே அலட்சியத்தின் தொடர்ச்சிதான்.

மனைக்குள் இடம் போதவில்லை என்று சாய்தளத்தை நடைபாதைமீது நீட்டுகிறவர்கள் ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொன்றை மீறுகிறார்கள். மாநகராட்சியின் கண்ணில் அது ஆக்கிரமிப்பு. எந்த நாளிலும் இடித்துவிடலாம். அதைவிட முக்கியமாக, அந்தத் தெருவில் செல்லும் பார்வையற்றவரும் சக்கர நாற்காலியில் போகிறவரும் அந்த மேட்டால்தான் சாலைக்கு இறங்க நேர்கிறது. இடம் குறைந்த மனையில் சாய்தளத்தை மடித்துத் திருப்பிக் கட்டலாம். அதுவும் இயலாவிட்டால் செங்குத்தாக ஏற்றும் சிறு மேடை லிஃப்ட் வைக்கலாம்.

லிஃப்ட் இருக்கிறது என்ற நிம்மதியும் ஏமாற்றக்கூடியது. பல வணிக வளாகங்களில் லிஃப்ட்டின் வாசலை அடையவே நான்கைந்து படிகள் ஏற வேண்டியிருக்கிறது. கதவின் திறந்த அகலம் 900 மில்லிமீட்டர் இல்லாமலும், பொத்தான்கள் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டாமலும், பிரெய்ல் எழுத்தும் தளத்தைச் சொல்லும் குரல் அறிவிப்பும் இல்லாமலும் இருந்தால், அது ஒரு சாராருக்கு மட்டுமான லிஃப்ட்டாகவே நின்றுவிடும்.

கழிப்பறையில் நேரும் பிழைகள் சிறியவைபோலத் தோன்றினாலும் முழு அறையையும் வீணாக்குபவை. கதவு உட்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்துவிட்டவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். ஆகையால் வெளிப்பக்கம் திறப்பதோ பக்கவாட்டில் நகர்வதோ வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை என்று வரைபடத்தில் வட்டம் போட்டுவிட்டு, அந்த வட்டத்துக்குள்ளேயே வாஷ்பேசினைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. பிடிகம்பியை டைல்ஸில் மட்டும் பிடிக்கும்படி சிறு திருகுகளால் பொருத்தினால், ஒருவரின் முழு எடை விழும்போது கையோடு வந்துவிடும். சுவரைக் கட்டும்போதே அதற்கான உறுதியைச் செய்திருக்க வேண்டும்.

நடைபாதையிலும் நுழைவாயிலிலும் பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தொட்டுணர்ந்து வழியறியப் பதிக்கும் மஞ்சள் நிறத் தடவழி ஓடுகளை அலங்காரம் என்று எண்ணும் மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். நீள்கோடுள்ள ஓடு செல்லும் திசையைக் காட்டும். புள்ளிகளுள்ள ஓடு நில், திருப்பம் அல்லது ஆபத்து என்று எச்சரிக்கும். இவ்விரண்டையும் மாற்றிப் பதிப்பதும், கோட்டைக் கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்டவிடுவதும், ஓடே இல்லாமலிருப்பதைவிட மோசம். ஏனெனில், அதை நம்பி நடப்பவர் கம்பத்தில்தான் மோதுவார்.

அபராதம் குறைவுதானே என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. 89-ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் விதிக்கலாம். ஆனால், கட்டுநரின் உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: பணி நிறைவுச் சான்றிதழ் தேவைப்படும் கட்டடத்துக்கு அது கிடைக்காமல் நிரந்தர மின் இணைப்பும் வராது. முடிந்த கட்டடத்தில் சாய்தளத்தை உடைத்துக் கட்டும் செலவும் கதவுகளைப் பெயர்க்கும் செலவும் அதன்மேல் சேரும்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நடப்பவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அணுகத்தக்க கழிப்பறை துடைப்பமும் பினாயில் கேன்களும் அடுக்கும் அறையாகிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் காவலாளிக்கே தெரிவதில்லை. 3.6 மீட்டர் அகலத்தில் ஒதுக்கிய கார் நிறுத்துமிடத்தில் ஜெனரேட்டர் வந்து உட்காருகிறது. அரசு அமைத்தவைகூடப் பராமரிப்பின்றி நிலைப்பதில்லை: மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சிதைத்தது, பிறகு சீரமைத்தார்கள். தனியார் கட்டடத்தில் இதற்குப் புயல் தேவையில்லை. எனவே, ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதற்கு முன்பே சக்கர நாற்காலி பயன்படுத்துகிற ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் அழைத்து, உரிய கட்டணம் கொடுத்து, தெருவிலிருந்து கவுன்டர் வரையிலும் கழிப்பறை வரையிலும் துணையின்றிப் போய்வரச் சொல்லி, அவர்கள் நின்ற இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது. கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை இதையே செய்யலாம்.