காட்டு மைனாவா, நாட்டு மைனாவா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வால்பாறைப் பக்கம், பறவை பார்க்கப் புதிதாக வந்த நாலைந்து பேரோடு நடந்தேன். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் மேய்ந்த மாடுகளின் காலடியில் ஒரு மைனாக் கூட்டம். "காடுதானே, அப்போ காட்டு மைனா" என்று ஒருவர் நோட்டில் எழுதிவிட்டார். பைனாகுலரைத் தொடவே இல்லை. ஒரு காலத்தில் நானும் அப்படி எழுதியவன்தான்.

இடத்தை வைத்துப் பெயர் சொல்வது

இதைக் கண்டால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். ஆரம்பத்தில் மூன்று வருடம், மலையில் பார்த்ததையெல்லாம் காட்டு மைனா, ஊருக்குள் பார்த்ததையெல்லாம் நாட்டு மைனா என்று எண்ணி எழுதினேன். அத்தனை கணக்கும் வீண். முகத்தைப் பற்றி ஒரு வரிகூடக் குறிக்காததால் பின்னால் திருத்தவும் வழியில்லை. மலையூர்க் கடைத்தெருவில் காட்டு மைனா சாதாரணமாக நடந்து திரியும். நாட்டு மைனா தோட்டத்தில் மேயும். இரண்டும் ஒரே கூட்டத்தில் கலந்தும் இருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? முகத்தை. நாட்டு மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் உண்டு. காட்டு மைனாவுக்கு அது கிடையாது. அதற்குப் பதில் அலகுக்கு மேலே, நெற்றியில் சின்னதாக ஒரு இறகுச் சிலுப்பு நிற்கும். உடம்பிலும் சாம்பல் நிறம் தூக்கல். இளம் பறவையில் சிலுப்பு சரியாகத் தெரியாது, அவசரப்படாதீர்கள்.

கண் மஞ்சளாக இல்லையே என்று குழம்புவது

சுற்றியிருக்கும் தோலைச் சொல்லவில்லை, கண்ணையே சொல்கிறேன். வடக்கே காட்டு மைனாவுக்குக் கண் மஞ்சள். நம் தெற்கத்திக் காட்டு மைனாவுக்கு வெளிர்நீலம். இனம் ஒன்றுதான்.

பறக்கும்போதே முடிவு செய்வது

இறக்கை வெள்ளையும் வால் நுனி வெள்ளையும் இரண்டுக்கும் உண்டு. உட்காரட்டும்.

கூடு இருக்கும் பொந்துக்குள் எட்டிப் பார்ப்பது

வேண்டவே வேண்டாம்.

தரையையே பார்த்துக்கொண்டிருப்பது

மாடு நடக்கையில் கிளம்பும் பூச்சிக்காகக் காட்டு மைனா தரையில் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் கல்யாண முருங்கை பூத்துவிட்டால் தேனுக்காக மரமேறிவிடும். அப்புறம் பூவுக்குள் தலையை நுழைத்து எடுக்கும்போது பாருங்கள், அந்த நெற்றிச் சிலுப்பு தூரிகை மாதிரி மகரந்தத்தை அள்ளிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.