அம்மாவின் கோல நோட்டு

அம்மா போனபின் எனக்கு அழுகையே வரவில்லை. நெஞ்சு அடைத்தது, தூக்கம் போச்சு. ஒரு நாள் பரணில் அவள் கோல நோட்டு கிடைத்தது. ஏழு புள்ளி, ஏழு வரிசை சிக்குக் கோலம் ஒன்றைப் பென்சிலில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் கம்பி தவறியது. அழித்து மறுபடி போட்டேன். புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர்ந்தபோது விம்மி அழுதுவிட்டேன்.

அப்புறம் தினமும் ராத்திரி முக்கால் மணி நேரம் அதுதான். அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்விலும் 45 நிமிடம் படம், களிமண் என்று எதையாவது செய்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்பின் வரைந்து பழகாதவர்களுக்கும்தான். மருத்துவர் தந்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது.

வருஷம் கழிந்து, தை முதல் நாள் வாசலில் அதே கோலம் போட்டேன்.